பை என் பொறுப்பு

உக்காரு தாயி, உக்காரு. இந்த நீலப் பையை அங்கிட்டு நகட்டிடுறேன். கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்ப. இந்தப் பக்கத்துல இந்த ஒரு பெஞ்சுலதான் நெழல் இருக்கு. காலையில இந்தத் தண்ணிப் பார்க்குக் கேட்டைத் தொறந்ததும் எல்லாரும் தண்ணியைப் பாத்து ஓடுனாக. நான் நெழலைப் பாத்து ஓடி வந்து இடம் பிடிச்சேன். பிள்ளை தூங்குதா? இந்தா, இந்தத் துண்டை விரிச்சுப் படுக்கப் போடு. காத்து நல்லா வருது.

இவ்வளவு பையும் எங்களுதுதான். வேன் நெறைய வந்திருக்கோம். எங்க குடும்பம், எங்க வீட்டுக்காரவுக அக்கா குடும்பம், தம்பி குடும்பம். ஆளுக்கொரு பை, அதுக்கு மேல துண்டுப் பை, செருப்புப் பை. சாப்பாடு உள்ள விடமாட்டோம்னுட்டாக. முறுக்கை மட்டும் துண்டுக்குள்ள சுத்திக் கொண்டாந்துட்டேன். முறுக்கு சாப்பாடா என்ன, அது தீனிதானே. எடுத்துக்க. நானே சுட்டது.

லாக்கரா? இருக்கு, இருக்கு. எங்க பிரியாகூட சொன்னா, லாக்கர்ல வச்சிரலாமே அம்மான்னு. சாவியைத் தண்ணிக்குள்ள தொலைச்சிட்டு நின்னா என்ன பண்றது? அப்புறம் நான் எதுக்கு வந்திருக்கேன்? நான் வந்ததே பை பாக்கத்தான். என்னை நம்பி எதை வேணா குடுக்கலாம், சின்னதுலேர்ந்தே அப்படி. எங்க அப்பா வருசா வருசம் பங்குனிப் பொங்கலுக்கு எங்களை விருதுநகர் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போவாக. கூடப் பொறந்ததுக எல்லாம் ராட்டினத்துல ஏறும். அத்தனை பேரு செருப்பையும் நான்தான் கீழ நின்னு பாத்துக்குவேன். ஒரு வருசமாவது ஒரு செருப்பு தொலைஞ்சிருக்கும்னு நெனைக்கிற? தொலைஞ்சதே இல்ல.

எனக்கு அருப்புக்கோட்டை. கட்டிக் குடுத்தது விருதுநகர்ல. பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுக்காரவுக மொளகா வத்தல் கமிஷன் கடை வச்சிருக்காக. அதோ பாரு, அந்த மஞ்சக் கொழாய்ச் சறுக்கு இருக்குல்ல, அதுக்கு அடியில படிக்கட்டுப் பக்கத்துல, எட்டு மாதிரி ரெண்டு ஓட்டை வச்ச ட்யூபைத் தலையில கவுத்திக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாகல்ல? அவுகதான். நானும் ரொம்ப நேரமாப் பாக்குறேன், மேல ஏறவும் மாட்டேங்கிறாக, திரும்பி வரவும் மாட்டேங்கிறாக. பின்னால வர்ற சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் வழியை விட்டுட்டு விட்டுட்டு அங்கயே நிக்கிறாக. பயம், வேறென்ன. கடையில யாவாரியோட வெலை பேசுறப்பப் பாக்கணும், அந்தச் சத்தத்துக்கு மூடை தூக்குறவுக எல்லாம் ஒதுங்கி நிப்பாக. இங்க வந்து தொடையை ஒட்டுன டவுசரைப் போட்டுக்கிட்டு நிக்கிற நெலமையைப் பாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவுக முழங்காலை வெயில்ல நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்.

நானா? ஐயோ, எனக்கு அதெல்லாம் ஆசை கெடையாது. நான் பிள்ளைகளுக்காக வந்தவ.

இது எப்படி ஆரம்பிச்சுச்சுன்னா, தையில நான் சும்மா போனைப் பாத்துக்கிட்டிருந்தப்ப இந்த எடத்து வீடியோ ஒண்ணு வந்துச்சு. அந்த மஞ்சக் கொழாய்க்குள்ளேர்ந்து ஒரு பொம்பளை வர்றா. என் வயசுதான் இருக்கும், என்னைவிட ஒரு சுத்துப் பெருசுகூட. வாயைப் பொளந்துக்கிட்டு வந்து தண்ணியில தொப்புன்னு விழுறா. எந்திரிச்சு மூஞ்சியைக்கூடத் தொடைக்காம அப்படிச் சிரிக்கிறா. அந்த வீடியோவை நான் அன்னைக்கே ரொம்பத் தடவை பாத்தேன். மறுநாளும் பாத்தேன். எதுக்குன்னா, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாப் பாதுகாப்பா இருக்குமான்னு தெரியணும்ல.

பிள்ளைககிட்டக் கேட்டேன். பெரியவன் கௌதம், காலேஜ் படிக்கிறான். "லீவுல நான் தூங்கணும்மா, என்னை விட்டுரு"ங்கிறான். பிரியா, "கொடைக்கானல் போவோம், போட்டோ நல்லா வரும்"ங்கிறா. பிள்ளைகளுக்கு எது சந்தோசம்னு பிள்ளைகளுக்கா தெரியும்? நாமதானே பாத்துச் செய்யணும். அதனால ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ரொம்ப ஆசை, வெளிய சொல்ல மாட்டாக, வயசாகுதுல்ல"ன்னேன். ரெண்டும் வாயை மூடிக்கிச்சு. அப்புறம் இவுககிட்டப் போய், "பிள்ளைக ஆசைப்படுதுக, கேக்கப் பயப்படுதுக"ன்னேன். இதுல பொய் ஒண்ணும் கெடையாது. கூட்டிட்டுப் போனா ஆசைப்படத்தானே போகுதுக.

அடுத்து மதினி. அதான் இவுக அக்கா, சீனியம்மாள்னு பேரு, எங்க தெருவுலயே ரெண்டு வீடு தள்ளி இருக்காக. எங்க வீட்டுல கருவேப்பிலை வாங்குறதுன்னாலும் மதினிக்குத் தெரியாம வாங்க முடியாது. அவுக வேண்டாம்னுட்டா இவுக வாயே தொறக்க மாட்டாக. அதனால மதினிகிட்ட, "உங்களை எங்கயாச்சும் தூரமாக் கூட்டிட்டுப் போகணும்னு உங்க தம்பி சொல்லிக்கிட்டே இருக்காக மதினி, குருவாயூர் போற வழியில அப்படியே ஒரு பார்க்கு"ன்னேன்.

குருவாயூரை நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் தாயி. நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாக. மதினி அன்னைக்கு சாயங்காலமே வந்துட்டாக. "போற வழியில தானே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளைப் பாத்துட்டுப் போவோம்"னாக. சரின்னேன். மறுநாள், "போற வழியில தானே, சங்கரன்கோயில்"னாக. அது எங்க போற வழி, வேன் வளைஞ்சுல்ல போகணும்? சரின்னேன். அடுத்து தென்காசி, அடுத்து சோட்டானிக்கரை, அப்புறம் பழனி. பழனி எப்படி மதினி கேரளா போற வழியாகும்னு கேட்டேன். "திரும்பி வர்றதுக்கும் வழி வேணும்ல"ங்கிறாக. ஒரு வாரத்துல பார்க்குக்குன்னு மிச்சம் இருந்தது கடைசி நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம். அதுவும் சாமி பாத்த களைப்பு தீர்றதுக்காம்.

அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல. பிள்ளைகளை நெனைச்சுத்தான்.

ஆனா பாரு, யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும். எனக்குக் கல்யாணமான புதுசு. திருச்செந்தூர் போயிட்டுத் திரும்புறோம், கார் அருப்புக்கோட்டை வழியாத்தான் வருது. எங்க அம்மா வீடு ரோட்டு மேலயே இருக்கு. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திடுறேன்னு கேட்டேன். இந்த மதினிதான், "சாமியைக் கும்பிட்டுட்டு நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணும், நடுவுல வேற எங்கயும் காலை வைக்கக்கூடாது, எங்க குடும்பத்துல அதான் வழக்கம்"னாக. எங்க அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்காக, கார் நிக்காமப் போகுது. அதை நான் மறக்கவே இல்ல. மனசுல வச்சுக்கிட்டிருக்கேன்னு நெனைக்காத, எனக்கு அதெல்லாம் வராது. சும்மா ஞாபகம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் மதினிக்குக் காப்பியைக் குடுத்துட்டு அடக்கமாக் கேட்டேன். "மதினி, கோயிலுக்குப் போனா நேரா வீட்டுக்குத்தானே வரணும்? இத்தனை கோயிலைப் பாத்துட்டு அந்தப் பார்க்குக்குள்ள காலை வச்சா, கும்பிட்ட பலன் எல்லாம் அங்கயே போயிடாதா?" மதினி காப்பியை உறிஞ்சாம அப்படியே வச்சிருக்காக. "அதனால பார்க்கை மொதல்ல முடிச்சிடுவோம். அதுக்கப்புறம் கோயில் கோயிலாப் பாத்துக்கிட்டே நேரா வீடு வந்து சேருவோம்"னேன். அவுக சொன்ன வழக்கத்தை அவுகளே எப்படி இல்லைங்கிறது? கடைசியில, "குளிக்காமக் கொள்ளாம பார்க்குலேர்ந்து எப்படிக் கோயிலுக்கு"ன்னு ஒரு கேள்வி. "நாள் பூரா தண்ணியிலதானே மதினி கெடக்கப் போறோம்"னேன். அதோட அடங்கிட்டாக.

ஆனா இவுக மசியல. கடை அடைக்கணும்ல. ஞாயித்துக்கெழமை, பங்குனிப் பொங்கல், தீவாளி விட்டா அந்தக் கடை அடைச்சதில்ல. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல, மதினியும் பக்கத்துல இருக்காக, திடுதிப்புன்னு, "தண்ணியில சறுக்குறதுக்காகவா கடையை அடைக்கிறது? ஏன், நீயும் சறுக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டாக. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்குறாக. எனக்கு வேர்த்திருச்சு. "நல்லாருக்கே, நான் எதுக்கு? நான் ஒரு ஓரமா உக்காந்து பையைப் பாத்துக்குவேன். பை என் பொறுப்பு"ன்னேன். சொன்னா சொன்னதுதான். நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும்.

இல்லல்ல, வருத்தம் இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இந்த எடத்துல பருத்தித் துணி கட்டித் தண்ணியில எறங்க விடமாட்டாகல்ல. அதை வீடியோவுலயே தெளிவாச் சொல்லியிருந்தாக. எந்தக் காரியத்தையும் முன்கூட்டியே செஞ்சு வச்சுக்கணும், அது என் பழக்கம். அதனால இவுக சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே நைலான் துணி எடுத்து எல்லாருக்கும் தைக்கக் குடுத்துட்டேன். ஆம்பளைகளுக்கு டவுசர், பொம்பளைகளுக்கு முழுக்கை வச்ச மேலுடுப்பும் கணுக்கால் வரைக்கும் பேண்ட்டும். கொஞ்சம் ஊதாத் துணி மீந்துச்சு. வீணாப் போகக்கூடாதேன்னு எனக்கு ஒண்ணு தைக்கச் சொல்லிட்டேன். மீந்த துணிதான். மேட்சா இல்லாததால இன்னும் ஒரு ரெண்டு மீட்டர் வாங்கிக் குடுத்தேன், மத்தபடி மீந்ததுதான்.

அந்த டெய்லர் என்ன பண்ணிட்டாரு, வீட்டுல குடுக்காம எல்லாத்தையும் ஒரே கட்டா இவுக கடையில போய்க் குடுத்துட்டாரு. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. கேக்காமத் தச்சதுக்கு ராத்திரி வந்து ஆடப்போறாகன்னு நெனைச்சேன். கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டில்ல வச்சாக. ஊதாவைக் கையில எடுத்து, விரிச்சு, என்னைப் பாத்து, "இது யாருக்கு?"ன்னாக. "அது மீந்த துணி"ன்னேன். "ம்"னாக. மடிச்சு வச்சிட்டாக. காலையில பல் வெளக்கிக்கிட்டே, "சரி, வேனுக்குச் சொல்லிரு"ன்னாக. அவ்வளவு நாள் நான் தொண்டை தண்ணி வத்தப் பேசியும் அசையாத மனுசன், பொசுக்குன்னு ஒத்துக்கிட்டாக. என்ன நெனைச்சாகளோ. துணி தச்ச காசு வீணாயிடுமேன்னு நெனைச்சிருப்பாக.

வேன் ஞாயித்துக்கெழமை விடியக்காலை. அங்கதான் மதினி கடைசியா ஒண்ணைப் போட்டாக பாரு. "ஞாயித்துக்கெழமை மேக்க சூலம், மேக்க பயணம் போகவே கூடாது"ங்கிறாக. கேரளா மேக்கதானே. திங்கக்கெழமை கெளம்புனா கடை ஒரு நாள் கூட அடைக்கணும். நான் ஒரு மாத்து கண்டுபிடிச்சேன். நானா கண்டுபிடிக்கல, எங்க பக்கம் உள்ளதுதான். மூட்டை முடிச்சை எல்லாம் முந்துன நாளே நல்ல நேரம் பாத்து வீட்டை விட்டு வெளிய அனுப்பிட்டா, பயணம் அன்னைக்கே கெளம்பிட்ட மாதிரி. மறுநாள் ஆளு போய்ச் சேந்துக்க வேண்டியதுதான், சூலம் ஒண்ணும் செய்யாது. மதினிக்கும் திருப்தி. சனிக்கெழமை நல்ல நேரத்துல அத்தனை பையையும் கௌதமும் இவுகளும் தூக்கிட்டுப் போய்த் தெருக்கோடி மாவு மில்லுல வச்சிட்டு வந்தாக. மில்லுக்காரர் சூடம்கூடக் காட்டுனாரு.

விடியக்காலை எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. தேங்காய் ஒடைச்சாச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. பாட்டுப் போட்டாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி டீக்கடையில நிறுத்துறோம். மதினி, "புஷ்பம், அந்த மூட்டுவலித் தைலத்தை எடு"ன்னாக. நான் பின்னால திரும்பிப் பாக்குறேன்.

ஒரு பைகூட இல்ல.

பயணம் சனிக்கெழமையே கெளம்பிருச்சு, பைதான் கெளம்பல. மாவு மில்லுல உக்காந்திருக்கு.

நானா மறந்தேன்? இப்படிக் கேக்குற பாரு. மதினி சூலம் பாக்காட்டி பை வீட்டுலயே இருந்திருக்கும், கையோட ஏத்தியிருப்போம். இது முழுக்க மதினியோட வேலை. பை என் பொறுப்புதான், இல்லேங்கல. ஆனா எனக்கு நேத்து விடியக்காலையில சேலை கட்டுறதுக்கே அவ்வளவு நேரம் ஆயிடுச்சு. கொசுவம் நிக்கவே மாட்டேங்குது, உள்ள நைலான் வழுக்கி வழுக்கி...

என்ன பாக்குற? ஆமா, உள்ளதான் போட்டிருந்தேன். பையில வச்சா மதினி கண்ணுல பட்டுரும்ல. பை எல்லாம் பொதுப் பை, ஆளாளுக்குத் தொறப்பாக. உடம்புல போட்டிருந்தா பத்திரம். இன்னைக்குமா? அது வந்து, காலையில கொஞ்சம் குளிரா இருந்துச்சு. கழுத்துக்கிட்டத் தெரியுதா? ஊதா தெரியுதா? சேலையை இழுத்து விடு தாயி.

எங்க விட்டேன்? ஆங், வேனைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கே வந்தோம். எல்லாரும் உம்முன்னு வர்றாக. இவுக மட்டும் முன் சீட்டுல உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாக. எனக்கு அதுதான் எரிச்சல். பொண்டாட்டி பையை விட்டுட்டு நிக்கிறா, சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்கு? மறுபடி கெளம்பிச் சூலத்துக்குப் பரிகாரமா வெல்லம் தின்னுட்டு, நேத்து இருட்டுன பெறகு இங்க லாட்ஜுக்கு வந்து விழுந்தோம். வழி பூரா நான் பையை எண்ணிக்கிட்டேதான் வந்தேன். இனிமே எவளாவது என்னைப் பாத்து, பை பாக்கத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அதான் இன்னைக்கு இந்த பெஞ்சை விட்டு அசையிறதில்லைன்னு உக்காந்திருக்கேன்.

ஆனா இவுகளுக்கெல்லாம் குடுத்து வச்சதை அனுபவிக்கத் தெரியல, பாத்துக்க. வந்து கொஞ்ச நேரத்துல கௌதம் ஓடி வந்தான். "அம்மா, எனக்குத் தண்ணி போரடிக்குது, நான் கொஞ்ச நேரம் உக்காந்து போன் பாக்குறேன், நீ அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வா"ங்கிறான். இவ்வளவு தூரம் வந்தும் போனா? முதுகுல ரெண்டு போட்டு விரட்டிவிட்டேன். அப்புறம் பிரியா வந்தா. "வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா, நான் பைகிட்ட இருக்கேன்"னா. ஒரு முறுக்கைக் குடுத்து, இதைத் தின்னா சரியாயிடும், போன்னேன். அதுக்கப்புறம் மதினி. அவுகளை நீ பாத்திருப்ப, அலை அடிக்கிற குளம் இருக்குல்ல, சங்கு ஊதுனதும் கையைத் தலைக்கு மேல கூப்பிக்கிட்டு நடுவுல போய் நிக்கிறாகளே, பச்சை நைலான், அவுகதான். அஞ்சு கோயில் சொன்னவுக, காலையிலேர்ந்து அந்தக் குளத்தை விட்டு வரல. அவுகளே சொட்டச் சொட்ட வந்து, "புஷ்பம், மூக்குல தண்ணி ஏறிப்போச்சு, நான் செத்த உக்காருறேன், நீ எந்திரி"ன்னாக. "உங்களுக்குச் சிரமம் வேண்டாம் மதினி, நீங்க போய் ஆடுங்க"ன்னு அனுப்பி வச்சேன். எனக்குத் தெரியாதா? பெஞ்சுல நெழல் இருக்குல்ல, அதுக்கு அடிப்போடுறாக.

கடைசியா இவுகளே வந்தாக. அந்த ட்யூபைக் கீழ வைக்காமத் தலையில வச்சுக்கிட்டே, "புஷ்பம், இது ரெண்டு பேரு உக்கார்றது, ஒத்தையா விடமாட்டேங்கிறான்"னாக. "உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன். "அக்காவுக்கு அலைதான் பிடிச்சிருக்கு"ன்னாக. "அப்ப கௌதமைக் கூப்பிடுங்க"ன்னேன். திரும்பிப் போய் அங்கயே நின்னுக்கிட்டாக. அதுலேர்ந்து நிக்கிறாக. பெத்த பிள்ளையைக் கூப்பிட்டா வராதா? பயத்துக்கு ஒரு சாக்கு.

என்ன தாயி? என்ன சொன்ன?

உன் வீட்டுக்காரர் அந்தச் சறுக்குக்குப் போனாரா? சரி. அவருக்கு முன்னால ஒருத்தர் நின்னாராக்கும். சரி. நீங்க ஏறலையான்னு உங்கவரு கேட்டதுக்கு... திருப்பிச் சொல்லு. "எங்க வீட்டுல வரணும், அவ வந்தாத்தான் ஏறுவேன்"னு... அப்படியா சொன்னாக? அந்த ட்யூபு வச்சிருக்கவுகளா? உனக்கு நல்லாத் தெரியுமா?

இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன உனக்கு? நான் எங்க பேசவிட்டேன்ங்கிறியா. அதுவும் சரிதான்.

பொறு தாயி. கொஞ்சம் பொறு. அப்ப கௌதம் வந்தது, பிரியா வந்தது, எல்லாம்... மதினியுமா? அந்த மதினியுமா என்னை எந்திரின்னு சொன்னாக?

அந்த ஊதாவை விரிச்சுப் பாத்துட்டு "ம்"னாகல்ல. என் அளவு அவுகளுக்குத் தெரியாதா. மீந்த துணியில முழுக்கையா வரும்? மொளகா வத்தலைக் கையில அள்ளுனதுமே எந்த ஊருச் சரக்குன்னு சொல்ற மனுசன். அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் கடையை அடைச்சிருக்காக. தெரிஞ்சுதான் வேன்ல அப்படிச் சிரிச்சிருக்காக. எனக்கு இப்ப அழுகையும் வருது, சிரிப்பும் வருது. கல்யாணமான மறு வருசம் பொருட்காட்சியில, "ராட்டினத்துல ஏறுறியா?"ன்னு கேட்டாக. கௌதம் வயித்துல இருந்தான், வேண்டாம்னேன். அதுக்கடுத்த வருசம் கேட்டாக. அவன் கைப்பிள்ளை, வேண்டாம்னேன். அப்புறம் பிரியா. அப்புறம் கேக்குறதை விட்டுட்டாகன்னு நெனைச்சேன்.

ஆமா தாயி. ஆசைதான். கொள்ளை ஆசை. பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் எனக்குத்தான். சொல்லிட்டேன், போதுமா.

இந்த ஊக்கைக் கொஞ்சம் பிடி. தோள்ல ஒண்ணு இருக்கு, இடுப்புல ஒண்ணு இருக்கு. சேலையை அவுத்தா என்ன, உள்ள கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடித்தானே இருக்கு. ஊதா எனக்கு நல்லாருக்கா? இந்த வளையலையும் கழட்டிடுறேன். சேலையை மடிக்க வேண்டாம், அப்படியே சுருட்டி அந்த நீலப் பையில திணி.

ஏங்க. ஏங்க. இங்க பாருங்க. எங்க காதுல விழப்போகுது, அந்தச் சத்தத்துல. கையை ஆட்டு தாயி, நீயும் ஆட்டு. பாத்துட்டாக. பாரு, ட்யூபைக் கீழ வச்சிட்டாக. ஐயோ, இந்த மனுசன் சின்னப் பையன் மாதிரில்ல துள்ளுறாக, பல்லு அத்தனையும் தெரியுது.

பையா? பை கெடக்கு விடு. பக்கத்துலதானே நீ இருக்க. யாராச்சும் தூக்கிட்டுப் போனாலும் பழைய துண்டும் மாத்துத் துணியும்தான். முறுக்கை மட்டும் பாத்துக்க.

உன் பிள்ளைக்கு எத்தனை மாசம்? சரி, தூங்கட்டும். நான் ஒரு தடவை வந்து விழுந்துட்டு நேரா இங்க வர்றேன். பிள்ளையை என் மடியில குடுத்துட்டு நீ உன் வீட்டுக்காரரோட போ. பையைப் பாத்துக்குறேன், பிள்ளையைப் பாத்துக்குறேன்னு நீயும் என்னை மாதிரி ஆரம்பிச்சிராத. உடுப்பு கொண்டு வரலையா? அதுக்கென்ன, இதையே அவுத்துத் தர்றேன், போட்டுக்க. கொஞ்சம் லூசா இருக்கும், ஊக்கு குத்திக்கலாம். ஈரமாத்தான் இருக்கும். எப்படியும் நனையத்தானே போற.